கரண்ட் போன வாரம்

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு
கொரடாச்சேரியில் குற்றம் நடக்காது.
ஸ்டேஷன் டைரியில் அப்படி எழுதியதில்லை நான்,
ஆனால் நடந்ததுமில்லை.
கனி ரேடியோ சர்வீஸ் வாசலில்
ரிப்பேருக்கு வந்த யாருடைய பெட்டியையோ
ஸ்டூல் மேல் ஏற்றிவைத்து
சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர்.

தொடரில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்,
செய்யாத கொலைக்கு.
வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு பெயர்.
லாரி கிளீனர், சமையல்காரன், பிணவறைக் காவல்.
பின்னாலேயே ஒரு இன்ஸ்பெக்டர்,
தூக்கத்திலும் தொப்பி கழற்றாதவர்.
அவர் முகம் தெரிந்ததும் கூட்டம் முனகும்:
'வந்துட்டான் பாரு சனியன்.'
யூனிபார்மோடு நானும் முனகியிருக்கிறேன்.

என் இடப்பக்கம் எப்போதும்
மில்லில் நெல் அவிக்கிறவன்.
சந்தனசாமி என்றான். அறந்தாங்கிப் பக்கம் என்றான்.
புருவத்தில் உமிச்சாம்பல்,
சட்டையில் புழுங்கல் ஆவி.
கடலை வாங்கினால் பாதி எனக்கு.

ஆடி கழிந்து தபாலில் வந்தது தாள்.
வைரக்கண்ணு, வயது முப்பத்தொன்று,
பிரிவு முந்நூற்றிரண்டு.
இடது காது மடல் பாதி இல்லை.
கல்யாணப் போட்டோவில் வெட்டிய முகம்,
ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் மிச்சம்.
சித்திரை வெயிலிலும் துண்டைக்
காது மூட இவன் ஏன் கட்டுகிறான் என்று
அன்றைக்குத்தான் விளங்கியது.

போர்டில் குத்தவில்லை.
குண்டூசி தீர்ந்துவிட்டதென்று
மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
தாள் என் சட்டைப்பையில்
பீடிக்கட்டுக்குப் பின்னால் மடிந்திருந்தது.

செய்தானா?
தொடரில் முதல் வாரமே காட்டிவிட்டார்கள்,
கத்தி யார் கையில் இருந்ததென்று.
அதனால் அவனுக்காகப் பதறுவது சுலபமாயிருந்தது.
இவனுக்கு யாரும் எதையும் காட்டவில்லை.

அந்த வாரக் கதையில்
இன்ஸ்பெக்டரின் ஜீப் வாய்க்காலில் கவிழ்ந்தது.
அவர் கால் கதவுக்கடியில்,
தண்ணீர் மார்பு வரைக்கும்.
கரையில் நிற்கிறான் ஓடுகிறவன்.
சாலை காலி. எந்தப் பக்கமும் ஓடலாம்.
ஒரு செருப்பைக் கழற்றினான்.
கரண்ட் போயிற்று.

வெட்டாற்றுத் தவளைகள் பெரிதாகக் கேட்டன.
கனி தீப்பெட்டி தேடினான்.
'உட்டுட்டுப் போயிருப்பான்.'
'செருப்பக் கழட்டுறவன் போவானாடா?'
'நீ சொல்லுய்யா' என்றது ஒரு குரல் இடப்பக்கத்தைப் பார்த்து.
கொஞ்ச நேரம் கடலைத்தோல் நொறுங்கும் சத்தம்.
பிறகு அவன் சொன்னான்:
'எறங்குவான்.'
'எறங்கினா புடிச்சிருவாருல்ல?'
'கை குடுத்தா கையத்தான் புடிப்பாரு.
கரையேறின பெறகு விடுறதா வேணாமான்னு
அவருதான் ரோசிக்கணும்.'

என் இடுப்பில் டார்ச் இருந்தது.
ஊருக்கே தெரியும் இருந்தது.
யாரும் போடச் சொல்லவில்லை,
நானும் போடவில்லை.
இருட்டில் என் உள்ளங்கையில் விழுந்தது
உரித்த கடலை, இளஞ்சூடாய், எண்ணிக்கை தெரியாமல்.
மன்னிக்கும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.
தின்றேன்.

அடுத்த வியாழன் யாரோ தலைவர் இறந்து
பெட்டியில் மூன்று நாள் வீணை.
அதற்கடுத்த வியாழன் ஓடுகிறவன்
வேறொரு ஊரில் வேறொரு பெயரில் பரோட்டா வீசினான்.
வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
இடப்பக்கச் சாக்கில் கனியின் பையன் உட்கார்ந்திருந்தான்.
கூலி பாக்கியைக்கூட வாங்காமல்
போய்விட்டான் என்றார் மில் கணக்கர்.

சட்டை துவைக்கும்போது
கூழாய்ப் போன காகிதத்தை நீட்டி
'சம்பளச் சீட்டா?' என்று கேட்டாள் என் மனைவி.
இல்லை என்றேன்.

குண்டூசிப் பெட்டி
கார்த்திகையில் வந்து சேர்ந்தது.